கவுன்ட்டர் எண் இரண்டு

முந்தின நாளே சர்புதீன் வந்து சொன்னார்:
"நாளைக்குக் கூட்டம் வரும் மேடம்,
சில்லறை எடுத்து வையுங்க."
ஏழு வருஷமாக இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறேன்.
கூட்டம் வரும் என்று
என்னிடம் யாரும் சொன்னதில்லை.

பறக்கும் ரயில் என்று பெயர்.
பறப்பது புறாக்கள்தான்,
நாலு கல்யாணம் ஒரே முகூர்த்தத்தில் நடத்தலாம் போலிருக்கும்
இந்தக் கூடத்தில்,
தூண் விட்டுத் தூணுக்கு.
கால்வாய் நாற்றம் மட்டும்
டிக்கெட் எடுக்காமல் தினமும் ஏறிப் போகும்.

ஞாயிறு எட்டு மணிக்கு
தெருத்தெருவாக வந்தார்கள்.
குடியிருப்போர் சங்கத்தின் பதாகை:
காரை விடு, ரயிலைப் பிடி.
கட்டிய கயிற்றில் 'பி'யின் மேல்விலங்கு மறைந்து
ரயிலைப் படி என்றிருந்தது.
யாரும் கவனிக்கவில்லை.
எனக்குப் படிக்கத்தானே நேரம் இருக்கிறது.

புளியந்தோப்பு பேண்டு செட்,
பித்தளை மின்ன மாடிக்குப் போனது.
கோமளவல்லி வாசலில்
தண்டவாளக் கோலம் போட்டாள்,
புள்ளியே வைக்காமல்.
அட்டை இன்ஜின் மாட்டிக்கொண்ட பையன் ஒருவன்
மூச்சா என்று அழுதான்.
கழிப்பறைக்குப் பூட்டு.
சாவி என் மேஜை டிராயரில்,
மூன்று வருஷமாக.
ஓடிப் போய்த் திறந்தேன்.
அவன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை
இங்கே எழுதப் போவதில்லை.

எல்லாருக்கும் வேளச்சேரி.
வேளச்சேரியில் என்ன என்று கேட்டால்
ஒன்றுமில்லை, போய்விட்டு வருவோம் என்றார்கள்.
பத்தரைக்குள் அறுநூற்றுச் சொச்சம்.
காகிதச் சுருள் தீர்ந்துபோனது.
புதுச் சுருளை எந்தப் பக்கமாகச் செருகுவது என்று
எனக்கே மறந்திருந்தது.
வரிசையில் நின்ற கல்லூரிப் பெண்
வீடியோ பார்த்துச் சொல்லிக் கொடுத்தாள்.

அப்புறம் அவர் வந்தார்.
மூன்று சக்கர ஸ்கூட்டர்,
பின்னால் குறுக்காகச் செருகிய ஊன்றுகோல்கள்.
பெயர் மோசஸ் துரை என்று பிறகு தெரிந்தது.
"மந்தைவெளி ஒண்ணு."
"சார், லிஃப்ட்..."
"தெரியும்மா. டிக்கெட் குடுங்க."

வாங்கிக்கொண்டு
படிக்கட்டின் அடியில் நிறுத்திக்கொண்டார்.
எண்பத்து நாலு படி. எண்ணியிருக்கிறேன்.
மேலே டிரம்பெட்.
மேலே கைதட்டல்.
மேலே ஒரு வண்டி வந்து நின்றபோது
கூரையிலிருந்து சிமென்ட் தூசு
அவர் தலையில் பொடியாக விழுந்தது.
தட்டிவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

சர்புதீன் இறங்கி ஓடி வந்தார்,
கையில் கம்பியில்லா மைக்.
"வாங்க சார், ரெண்டு பேர் தூக்கிடுவோம்."
"இன்னிக்குத் தூக்குவீங்க."
சிரித்தபடிதான் சொன்னார்.
"நாளைக்கு?"

மைக்கை அணைக்க மறந்திருந்தார்கள்.
மாடியில் எட்டு ஸ்பீக்கரிலும்
நாளைக்கு என்று கேட்டது.
நாளைக்கு, நாளைக்கு என்று
அந்தக் காலிக் கட்டடம் தன் பங்குக்குச் சொன்னது.
பேண்டு நின்றது.
புறாக்கள் எழுந்தன.

அன்று நடந்ததெல்லாம் இவ்வளவுதான்:
பதாகையை அவிழ்த்துக் கொண்டு வந்து
ஓடாத லிஃப்டின் கதவில் கட்டினார்கள்.
அதன் பின்பக்கத்தில் கையெழுத்து.
பேனா போதாமல்
கோலமாவு கையோடு ரேகை வைத்தவர்களும் உண்டு.
சுண்டல் மிஞ்சியது. எனக்கும் ஒரு தொன்னை.

திங்கட்கிழமை
கூடம் பழையபடி கூடம்.
சீசன் டிக்கெட் புதிதாக இரண்டு.
ஒன்று அட்டை இன்ஜின் பையனின் அம்மாவுக்கு.
கழிப்பறையை நான் பூட்டவில்லை.

எட்டு நாற்பதுக்கு
ஸ்கூட்டர் சத்தம்.
"மந்தைவெளி ஒண்ணு."
கொடுத்தேன். பையில் போட்டுக்கொண்டு திருப்பினார்.
ஏறவே போகாத வண்டிக்கு
எதற்கு சார் என்றேன்.

"கணக்குல இருக்கணும் மேடம்.
ஆளே வரலையே, லிஃப்ட் யாருக்குன்னு
நாளைக்கு ஒருத்தன் கேப்பான்."

செவ்வாயும் வந்தார்.
புதனும்.
ஐந்து ரூபாய்,
சரியான சில்லறை.